21ஜி பஸ்ஸும் ஒரு பெரும்புள்ளியும்

இந்த முறை கடைசி எழுத்து வரை தன் கைதான் என்று அஸ்தினாபுரம் கலீல் முடிவெடுத்தார்.

முடிவெடுத்த இடம் குளியலறை. கலீலின் பெரிய முடிவுகள் எல்லாம் அங்கேதான் பிறக்கும். வீட்டின் மற்ற அறைகளில் முடிவெடுக்கும் பொறுப்பை அவர் மனைவி மெஹர் பானு ரொம்ப காலமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலீலுக்கு மறைமலை நகரில் வேலை. கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவு. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்டுகூட கேட்டைத் தாண்டாது. வீட்டில் அவர் கையெழுத்து தேவைப்படுவது கூரியர் வந்தால் மட்டும்தான்.

ஓய்வு நேரத்தில் அவர் பஸ் செய்வார். பிளாஸ்டிக் அட்டையை வெட்டி, ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, ஐம்பதில் ஒரு பங்கு அளவில் அசல் மாநகரப் பேருந்து. ஒரு சாண் நீளம். கதவு மடங்கும். வைப்பர் அசையும். கண்டக்டர் சீட்டின் கிழிசல்கூட இருக்கும். இப்படி பதினோரு பஸ்கள் அவர் வீட்டு ஹாலில், கண்ணாடி ஷோகேஸில், டிப்போவில் நிற்கிற மாதிரி வரிசையாக நின்றன.

இந்த ஊரில் இவரைப் போல இன்னும் பதினாலு பேர் இருந்தார்கள். சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை குரோம்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துக் கண்காட்சி. நடுவர் சவுரிமுத்து, பஸ் டிப்போவில் முப்பது வருஷம் போர்டு எழுதி ஓய்வு பெற்றவர். போன வருஷம் அவர் கலீலின் பஸ்ஸை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு மைக்கிலேயே சொன்னார்:

"வண்டி ஷோக்கா கீது. ஆனா எய்த்து உங்குளுது இல்ல பாய். கடையில வாங்கி ஒட்டிக்கினுகீறீங்க. ஓரம் தூக்கிக்கினு நிக்குது பாருங்க."

மண்டபமே சிரித்தது. இரண்டாம் பரிசு. அந்தச் சிரிப்பு ஒரு வருஷமாகக் கலீலின் காதில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் பரிசு வாங்கி, சங்கத்தில் ஒரு பெரும்புள்ளியாகிவிட வேண்டும் என்பதுதான் இப்போது அவருக்கு வாழ்க்கையின் மிச்ச வேலை.

ஆனால் ஷோகேஸுக்கு இன்னொரு ஆளும் குறி வைத்திருந்தார். மெஹர் பானு கல்யாணப் பெண்களுக்கு மெஹந்தி போடுபவர். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை அவர் கோன் படாத மணப்பெண் கை குறைவு. வீட்டுக்கு வரும் பெண்களுக்கு டிசைன் காட்ட ஒன்பது பிளாஸ்டிக் கைகளில் மெஹந்தி போட்டு வைத்திருந்தார். அந்த ஒன்பது கைகளும் இடமில்லாமல் பரணில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தன.

"என்னங்க, திருநீர்மலையில இருந்து ஒரு கல்யாணப் பொண்ணு வந்துச்சு."

"சரி."

"டிசைன் பாக்க வந்த பொண்ணு, ஷோகேஸைப் பாத்துட்டு, பிராட்வேக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்குது."

"விவரமான பொண்ணு."

"அவங்க அம்மா வேற, உங்க வீட்டுக்காரர் டிரைவரா கண்டக்டரான்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"செக்கிங் இன்ஸ்பெக்டர்னு சொன்னேன். சும்மா நின்னு குறை சொல்றதுதானே உங்க வேலை?"

கலீல் பேப்பரை மடித்தார்.

"பானு, இந்த வருஷம் மொதல் பரிசு வாங்கறேன் பாரு. அப்புறம் இந்த ஷோகேஸைப் பத்தி யாரும் பேசக் கூடாது."

மெஹர் பானு கொஞ்சம் யோசித்தார். பிறகு மிருதுவாகச் சொன்னார்: "பேசல. மொதல் பரிசு எந்தக் கைக்குக் கிடைக்குதோ, ஷோகேஸ் அந்தக் கைக்கு. கிடைக்கலைன்னா பஸ்ஸெல்லாம் பரணுக்கு. சரியா?"

கலீல் கணக்குப் போட்டார். போட்டிக்குப் போவது ஒரு பஸ். செய்வது இரண்டு கை. இரண்டும் தன்னுடையவை. நூறில் ஒரு பங்கைக் கண்டுபிடிக்கிற மனுஷன், 'எந்தக் கை' என்ற சொல்லை அளந்து பார்க்காமல் பாஸ் போட்டுவிட்டார்.

"சரி," என்றார்.

இந்த வருஷத்து பஸ் தாம்பரத்திலிருந்து பிராட்வே போகும் 21ஜி. அதன் எழுத்தைச் சொந்தமாகச் செய்ய ஒரு வழி இருந்தது. அதற்கென்று ஒரு தாள் கிடைக்கிறது. அதில் வீட்டு பிரின்டரிலேயே எழுத்தை அச்சடித்து, வெட்டித் தண்ணீரில் நனைத்தால், எழுத்து மட்டும் மெல்லிய தோலாகத் தாளை விட்டு வழுக்கி வரும். அதை வண்டி மேல் ஒட்டிவிட்டால் பெயின்ட்டில் எழுதினது போலவே இருக்கும். அதற்கு டீக்கால் என்று பேர்.

"டீக்காலா? அரை டம்ளர் டீ கேள்விப்பட்டிருக்கேன், கால் டம்ளர் யாருக்குங்க போதும்?" என்று மெஹர் பானு முன்பே ஒரு முறை கேட்டிருந்தார்.

சிக்கல் பிரின்டரில்தான். அது மெஹர் பானுவின் டிசைன் ஆல்பத்துக்காக வாங்கியது. போன வருஷம் கலீல் ஒரு பஸ்ஸின் படத்தைச் சரியான சிவப்பு வரும்வரை அச்சடித்துப் பார்த்ததில் சிவப்பு மை தீர்ந்துபோய், ஒரு மணப்பெண்ணின் மெஹந்தி பச்சையாக அச்சாகி, அந்தக் குடும்பமே பதறியது. அன்றிலிருந்து கலீலின் கை பிரின்டர் மேல் படக் கூடாது என்று வீட்டில் சட்டம். ஆகவே மெஹர் பானு வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துக் கலீல் அச்சடித்தார். முடிந்ததும் தாள் தட்டை நேராக்கினார். ஸ்விட்சை அணைத்தார். மேலே துணி மூடினார். துணியின் மடிப்புகூட முன்பு இருந்த மாதிரியே இருந்தது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவரே கொஞ்ச நேரம் மெய்மறந்து நின்றார்.

முதல் தாளை ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்தார். எழுத்து வழுக்கி வரவில்லை. கரைந்து போனது. தாம்பரமும் பிராட்வேயும் ஒன்றாகக் கலந்து கிண்ணம் சிவப்பானது. அந்த நேரம் பார்த்து கீழ்வீட்டு வில்பிரட் வந்தார். சங்கத்துக்குச் செயலாளர். தீக்குச்சியில் சர்ச் கட்டுபவர்.

"ரோஸ் சர்பத்தா பாய்? இந்த வெயிலுக்கு நல்லது," என்று கிண்ணத்தை எடுத்து வாய் வரை கொண்டுபோய்விட்டார்.

"சார், அது இருபத்தொண்ணு ஜி," என்று கலீல் பிடுங்கினார்.

வில்பிரட் அன்றிலிருந்து அந்த வீட்டில் காபிகூடக் கண்ணால் பரிசோதித்துவிட்டுத்தான் குடிக்கிறார்.

அச்சடித்த தாளின் மேல் முதலில் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்துக் காயவைக்க வேண்டும், அப்போதுதான் மை கரையாது என்று கலீல் இரண்டாம் நாள் கற்றார். வீட்டுக்குள் அடித்தால் வாசனை காட்டிக்கொடுக்கும். மொட்டைமாடிக்குப் போனார். துணிக்கொடியில் தாளைக் கிளிப் போட்டு மாட்டி, நாலு கோட் அடித்தார். காற்று கிழக்கிலிருந்து வந்தது. தாளுக்கு மேற்கே மெஹர் பானுவின் துப்பட்டா காய்ந்துகொண்டிருந்தது.

"என்னங்க, இந்த துப்பட்டா ஏன் தட்டி மாதிரி நிக்குது?"

கலீலின் மூளை வேகமாக ஓடியது. "கஞ்சி போட்டேன்."

"நீங்களா?"

"உனக்கு வேலை ஜாஸ்தி. ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு."

மெஹர் பானு துப்பட்டாவை முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். அதுதான் கலீலுக்குப் பயமாக இருந்தது.

"மாஷா அல்லாஹ், நல்லாத்தான் போட்டிருக்கீங்க. இனிமே வாராவாரம் காட்டன் புடவை, பெட்ஷீட், தலையணை உறை எல்லாத்துக்கும் நீங்களே போட்டுடுங்க."

வாராவாரம் போட்டார். வேறு வழியில்லை. அரிசி வடித்த கஞ்சிக்கு எவ்வளவு தண்ணீர் என்று இப்போது அவரைக் கேட்டால் நூறில் ஒரு பங்கு பிசகாமல் சொல்வார்.

அடுத்தது எழுத்தின் நிறம். மாநகர பஸ்ஸில் சிவப்பு உடம்பில் வெள்ளை எழுத்து. வீட்டு பிரின்டரிலோ வெள்ளை மை கிடையாது. கலீல் ஒரு தந்திரம் செய்தார். டீக்கால் தாளில் வெள்ளைத் தோல் உள்ள ரகத்தை எடுத்து, எழுத்தைச் சுற்றி மட்டும் சிவப்பு அச்சடித்தார். எழுத்து இருக்கும் இடம் வெள்ளையாகவே நின்றுவிடும். அற்புதமான யோசனை. எழுத்து வந்தது. கொம்பு வந்தது. சுழி வந்தது. வெட்டி, நனைத்து, டூத்பிக்கால் நகர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினார். ஓரம் தெரியவில்லை. அசல் பெயின்ட். பின்பக்க பம்பருக்கு மேலே, கடைசியாக, எறும்பு அளவில் 'ஆக்கம்: கலீல்' என்று ஒட்டினபோது அவருக்குக் கண் கலங்கியது.

துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே மெஹர் பானு நின்றார். கையில் போன்.

"நீ பல்லாவரம் போகலையா?"

"அந்தப் பொண்ணு ரெண்டு மணிக்கு வரச் சொல்லிச்சு. ஏங்க, இந்த பிரின்டர் என் போனோட சேர்ந்ததுன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் இதுல டிங்குனு அடிக்குது." மெஹர் பானு போனைப் பார்த்துப் படித்தார். "இருபத்தொண்ணு ஜி பின்பக்கம். இருபத்தொண்ணு ஜி பின்பக்கம் இறுதி. இருபத்தொண்ணு ஜி பின்பக்கம் உண்மையான இறுதி. மாப்பிள்ளை பேரை எழுதிட்டிருக்கேன், டிங். பொண்ணு பயந்து கையை இழுத்துக்கிச்சு."

கலீல் பிரின்டர் மேலே இருந்த துணியைப் பார்த்தார். மடிப்பு அப்படியே இருந்தது.

மெஹர் பானு அதற்குள் பஸ்ஸைக் கையில் எடுத்துவிட்டார். பக்கவாட்டில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கரம சிரம புறம நீடடாதீர. இது எந்த ஊரு பஸ்ஸுங்க?"

"நல்லாப் பாரு. கரம் சிரம் புறம் நீட்டாதீர்."

"புள்ளி எங்க?"

கலீல் பூதக்கண்ணாடியை எடுத்தார். பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தாமபரம. பிராடவே. மகளிர மடடும. சுற்றி இருந்த சிவப்பு மை மயிரளவு பரவியிருக்கிறது. எழுத்தை ஒன்றும் செய்யவில்லை. ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகளை மட்டும் ஒன்று விடாமல் விழுங்கிவிட்டது. இன்னும் நாலு முறை அடித்தார். நாலு முறையும் விழுங்கியது. தாளும் தீர்ந்தது.

"நான் வேணா வெள்ளை பெயின்ட்டைக் கோன்ல போட்டுப் புள்ளி வெச்சுத் தரட்டுமா?"

"வேணாம் பானு. கல்யாணப் பொண்ணு கை வேற, இருபத்தொண்ணு ஜி வேற."

"புள்ளி ஒண்ணுதானே?"

"இதுல என் கை தவிர வேற கை படாது. அதுக்குத்தான் இத்தனை பாடு. ஐம்பதுல ஒரு பங்குல புள்ளியெல்லாம் யாரு கண்ணுக்கும் தெரியாது."

"என் கண்ணுக்குத் தெரிஞ்சுதே."

"நீ குறை கண்டுபிடிக்கணும்னு பாக்குற."

"அது உங்க வேலைன்னுல்ல நினைச்சேன்."

அந்தப் பேச்சுக்கு அவர் அத்தோடு முற்றுப்புள்ளி வைத்தார். அந்த வாரம் அந்த வீட்டில் அவர் வைத்த புள்ளி அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. கலீல் ஒரு காலில் ஷூவோடு ஓடும்போது மெஹர் பானு ஒரு தாளை நீட்டினார்.

"சங்கத்து ஃபாரம். வில்பிரட் அண்ணன் இன்னிக்கே வேணும்னாரு. நானே அடிச்சு வெச்சிருக்கேன். கையெழுத்து மட்டும் போடுங்க."

போட்டார்.

"பஸ்ஸை டப்பாவுல பத்திரமா வெச்சுடறேன். தூசி படும், ஞாயித்துக்கிழமை வரைக்கும் தொறக்காதீங்க."

கலீலுக்கு மனசு இளகியது. தோற்றால் லாபம் இவளுக்கு. ஆனாலும் என் பஸ்ஸின் மேல் எவ்வளவு அக்கறை என்று கூடுவாஞ்சேரி வரை நினைத்துக்கொண்டே போனார்.

ஞாயிறு காலை மண்டபத்தில் டப்பாவைத் திறந்தார். பஸ்ஸை மேஜை மேல் வைத்தார். குனிந்து பார்த்தவர் குனிந்தபடியே நின்றார்.

தாம்பரம். பிராட்வே. கரம் சிரம் புறம் நீட்டாதீர். ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் வெள்ளை வெளேரென்று புள்ளி.

வேறு ஆளாக இருந்தால் வீட்டில் யாரைச் சந்தேகப்படுவது என்று யோசித்திருப்பார். கலீல் யோசிக்கவில்லை. அவருக்கு உடனே விஞ்ஞானம் புரிந்துவிட்டது. மை காய்ந்திருக்கிறது. காய்ந்தது சுருங்கியிருக்கிறது. சுருங்கினதால், மூடியிருந்த புள்ளி எல்லாம் பூ மாதிரி திறந்துவிட்டது. இவ்வளவுதான். இது தெரியாமல் நாலு தாளை வீணாக்கினோமே என்று வருத்தம் மட்டும் கொஞ்சம் இருந்தது.

வில்பிரட் மைக்கை நீட்டினதும் கலீல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது முழுக்க முழுக்க என் கைவேலை. வீட்டு பிரின்டர்ல வெள்ளை வராதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. எழுத்து வரும், ஆனா புள்ளி வராது. அதுக்கு நான் ஒரு முறை கண்டுபிடிச்சிருக்கேன். மை சுருக்க முறை. அடிச்சதும் புள்ளி தெரியாது. பொறுமையா இருக்கணும். ரெண்டு நாள்ல தானா திறக்கும். இந்த வண்டியில மொத்தம் எழுபத்திரண்டு புள்ளி. எழுபத்திரண்டும் தானா திறந்தது."

கைதட்டினார்கள். ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டார். பெண்கள் பக்கத்து நாற்காலியில் மெஹர் பானு உட்கார்ந்து, எல்லோரையும்விட நிதானமாகத் தட்டினார்.

சவுரிமுத்து லென்ஸோடு வந்தார். முன்பக்கம் பார்த்தார். இடப்பக்கம், வலப்பக்கம் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே பின்பக்கம் போனார். அங்கே ரொம்ப நேரம் நின்றார்.

"ஆக்கம், கலீல," என்று படித்தார்.

"கலீல் சார்."

"கலீலன்னுதான் கீது. ஆக்கத்துக்குப் புள்ளி கீது, உங்க பேருக்கு இல்ல. எய்பத்திரண்டும் தானா தொறந்துக்கிச்சே, இது ஒண்ணு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

கலீல் குனிந்து பார்த்தார். உண்மைதான். "அது... கொஞ்சம் லேட்டா திறக்கும்."

"பாய், முப்பது வருசம் போர்டு எய்தினவன் நானு. உங்க எய்த்து தட்டையா கீது, அச்சு. புள்ளி மட்டும் கடுகு மாரி மேல தூக்கிக்கினு கீது. வெச்ச புள்ளி இது. பிரஷ்ஷும் இல்ல. கூம்புல புழிஞ்சு, அப்டியே சுண்டித் தூக்கினு கீறாங்க. எம்பொண்ணு ஏஞ்சல் கல்யாணத்துல அது கையில இப்டித்தான் வெச்சாங்க. ஒரு புள்ளி கூட கோணல. இன்னா கைம்மா அது."

மண்டபமே கலீலைத் திரும்பிப் பார்த்தது. கலீலின் காதில் போன வருஷத்துச் சிரிப்பு மறுபடி கிளம்பத் தயாரானது. அடுத்தவர் உதவியை மறைத்தால் போட்டியிலிருந்தே நீக்கம். அந்த விதியைச் சங்கத்தில் கொண்டுவந்தவரே கலீல்தான்.

"அதுதான் ஃபாரத்துலேயே போட்டிருக்கே," என்றார் வில்பிரட். தாளைப் புரட்டினார். "உதவியவர்: மெஹர் பானு, புள்ளி மட்டும். கீழ பாய் கையெழுத்து போட்டிருக்காரு. நீங்க படிச்சுட்டுத்தானே போட்டீங்க?"

கலீல் பெண்கள் பக்கம் பார்த்தார். மெஹர் பானு முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"படிச்சேன்," என்றார் கலீல். வேறு என்ன சொல்வார்.

சவுரிமுத்து மைக்கை வாங்கினார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புள்ளி. சங்கத்தில் இதுவரை யாரும் வாங்காத புள்ளி. முதல் பரிசு இருபத்தொண்ணு ஜிக்கு. "வண்டி நல்லாத்தான் கீது. ஆனா தமிழு எய்துறவன் யாருன்னு புள்ளியிலதான் தெரியும். அந்தப் புள்ளி வெச்ச கை எதும்மா? மேல வா," என்று கோப்பையைத் தூக்கிப் பிடித்தார்.

மெஹர் பானு மேடையேறி வலது கையை நீட்டினார். கோப்பை அந்தக் கைக்குப் போனது. பரிசு எந்தக் கைக்கோ, ஷோகேஸ் அந்தக் கைக்கு. கலீலுக்கு அப்போதுதான் அந்தச் சொல் முழுசாகப் புரிந்தது. பதினோரு பஸ்களும் வரிசையாகப் பரணுக்கு ஏறுவது கண்முன் தெரிந்தது.

அவமானமாக இருக்கும் என்று காத்திருந்தார். அது வரவில்லை. மாறாக நெஞ்சு விம்மியது. கண்ணுக்குத் தெரியாத எழுபத்திரண்டு புள்ளி, ஒன்றுகூட பிசகவில்லை. அவர் கம்பெனியில் எந்த மெஷினும் அப்படி வைக்காது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டுகிறது. "என் சம்சாரம் சார்," என்று வில்பிரட்டிடம் சொன்னார். "தெரியும் பாய், பத்து வருஷமா மேல்வீடுதானே," என்றார் வில்பிரட். அப்புறமும் கலீல் இரண்டு தரம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கலீலே பரணில் ஏறினார். ஒன்பது கைகளை இறக்கினார். பதினோரு பஸ்களை ஏற்றினார். பரிசு வாங்கின பஸ்ஸை மட்டும் மெஹர் பானு தடுத்துவிட்டார்.

"இது இங்கேயே இருக்கட்டும். என் கைவேலைக்கும் ஒரு சாம்பிள் வேணும்ல?"

"பானு, எல்லாத்துக்கும் வெச்சியே, என் பேருக்கு மட்டும் ஏன் புள்ளி வெக்கல?"

மெஹர் பானு வெள்ளை பெயின்ட் நிரப்பின கோனை அவர் கையில் கொடுத்தார்.

"அது ஒண்ணாவது உங்க கையால வெக்க வேணாமா? முழுக்க உங்க கைவேலைன்னு மைக்ல சொன்னீங்களே."

கலீல் கண்ணாடியை மாட்டினார். மூச்சைப் பிடித்தார். நூறில் ஒரு பங்குக்குக் குறி பார்த்து மெல்ல அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

அஸ்தினாபுரத்தில் இப்போது மெஹந்தி டிசைன் பார்க்க வருகிற மணப்பெண்கள், ஒன்பது கைகளுக்கு நடுவே ஒரு சிவப்பு பஸ் நிற்பதைப் பார்க்கிறார்கள். பின்பக்கம் 'ஆக்கம்' என்று இருக்கிறது. அதையடுத்து, பேர் இருந்த இடத்தில், ஒரு பெரும்புள்ளி இருக்கிறது.